ஏழா எட்டா என்று கேட்க மரக்காணம் போனது

திண்டிவனத்திலிருந்து புறப்பட்ட பஸ், பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிந்ததும் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து ஒருமுறை உள்ளே பார்த்தார். மூடினார். புளியமர நிழலுக்குப் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அவர் மூடிய விதத்திலேயே எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"அடுத்த பஸ்ஸு ரெண்டு மணிக்கு. வெயிட் பண்றவங்க பண்ணுங்க, நடக்கறவங்க நடங்க" என்றார் கண்டக்டர்.

கத்திரி வெயில். என்னிடம் ஒரு இரும்புப் பெட்டி. வெள்ளரிப் பிஞ்சு விற்ற ஒரு பெண்ணிடம் நான்கு வாங்கித் தின்றேன். கசப்பே இல்லை. எங்கள் குடியாத்தம் பக்கத்து வெள்ளரியில் ஒன்றாவது கசந்து முகத்தைச் சுளிக்க வைக்கும். நான்காவதைக் கடிக்கும்போது, உப்பு ஏற்றப் போகிற காலி லாரி ஒன்று வந்தது. ஓட்டியவர் வயதான ஒரு பாய். பெட்டியோடு என்னை ஏற்றிக்கொண்டார்.

"மிலிட்டரியா?"

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"பொட்டி மேல பேரு, நம்பரு எல்லாம் பெயிண்டுல எழுதி வெச்சிருக்கீங்களே. வேற எவன் பொட்டிக்குப் பேரு வெப்பான்? துப்பாக்கியா, பீரங்கியா?"

"பீரங்கி. ஆனா நான் சுடறதில்ல. கணக்குப் போடறவன்."

"பட்டாளத்துல கூடவா கணக்கப்பிள்ளை!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

என் வேலையை யாருக்கும் ஒரே மூச்சில் விளக்க முடிந்ததில்லை. பீரங்கிகள் நிற்கும் இடத்திலிருந்து எதிரி தெரியமாட்டான். பல மைல் முன்னால் மேட்டில் பதுங்கியிருக்கும் ஒரு ஆபீசரும் அவருடைய வயர்லெஸ் ஆபரேட்டரும்தான் அவனைப் பார்ப்பார்கள். வரைபடத்தில் அவன் இருக்கும் இடத்தை ஆறு எண்களாக்கிச் சொல்வார்கள். பின்னால், மண்ணுக்குள் தோண்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் நான், அந்த ஆறு எண்ணைக் கட்டம் போட்ட பலகையில் குறித்து, தூரமும் திசையும் எடுத்து, காற்றின் வேகத்தையும் வெப்பத்தையும் கூட்டிக் கழித்து, பீரங்கிக் குழலை எவ்வளவு தூக்குவது, எவ்வளவு திருப்புவது என்று சொல்ல வேண்டும். அரை நிமிடத்துக்குமேல் எடுத்தால் திட்டு விழும். என் கணக்கு எங்கே போய் விழுகிறது என்று நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. எனக்கு வந்து சேர்வதெல்லாம் குரல்தான்.

எழுபத்தொன்றில் மேற்கு எல்லையில் எங்கள் பீரங்கிகளை வேறொரு ரெஜிமெண்ட்டுக்குத் துணையாகக் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய ஆபரேட்டரின் குரல் இந்தியில் வந்துகொண்டிருந்தது. ஒரு விடியற்காலையில் அந்த ஆள் பேசும் பொத்தானை விட மறந்துவிட்டு, "அட மாதாவே, இன்னா குளுரு இது" என்றார். நான் சட்டென்று, "எந்த ஊருங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, "மரக்காணம். நீ?" "குடியாத்தம்."

அதன்பின் எங்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. வயர்லெஸ்ஸில் பெயர் சொல்லக்கூடாது. சொந்தப் பேச்சும் கூடாது. ஆனாலும் காலையில் செட்டைச் சோதிக்கும்போது அரை நிமிடம் திருடிக்கொள்வோம். "குடியாத்தம், சாப்ட்டியா?" "மரக்காணம், உங்க ஊர்ல இப்ப மழையா?" அவ்வளவுதான். போருக்கு முந்தைய இரண்டு மாதமும் பிறகு போர் நாட்களும் அந்த அரை நிமிடத்துக்காகவே நான் விழித்தேன் என்று சொன்னால் மிகையில்லை. முகம் தெரியாது, வயது தெரியாது. உயரமா குட்டையா என்றும் தெரியாது.

கடைசியாக அவர் பேசிய காலையில் அவர்களுடைய ஆபீசர் அடிபட்டுக் கிடந்தார். எதிரிகள் மேட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். மரக்காணம் தானே குண்டு கேட்டார். அவசரத்தில் எண்களைத் தமிழில் சொன்னார். கடைசி எண் ஏழா எட்டா என்று இரைச்சலில் எனக்குத் திடமாகக் கேட்கவில்லை. எட்டு என்று எழுதினேன். விதிப்படி திருப்பிச் சொன்னேன். "எட்டு." "சரி, போடு" என்றது குரல். ஆறு குண்டுகள் போயின. அதன்பின் அந்தச் செட்டிலிருந்து ஒன்றுமே வரவில்லை.

மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. எதிரிகள் திரும்பிவிட்டார்கள். மேட்டுக் குழியிலிருந்த இரண்டு பேருக்கும் உயிர் இருந்தது. ஆனால் எங்கள் குண்டு ஒன்று அவர்கள் குழியை ஒட்டி விழுந்திருக்கிறது. ஆபரேட்டருக்கு இரண்டு காதும் போய்விட்டது. பெயர் சவரிமுத்து. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கடைசி எண் ஒன்று மாறினால் மண்ணில் நூறு மீட்டர் மாறும்.

நான்கு வருடம் நான் அவருக்கு ஒரு இன்லண்டு லெட்டர்கூட எழுதவில்லை. என்ன எழுதுவது? இந்த வருடம் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்கள் கணக்கையெல்லாம் தானே போடுகிற மின்சாரப் பெட்டி ஒன்று அங்கே சோதனைக்கு வந்திருந்தது. பழைய கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள் என்றார்கள். என்னுடைய அந்தக் காலையின் ஆறு எண்ணையும் அன்றைய காற்றையும் யாருக்கும் சொல்லாமல் அதற்குள் கொடுத்தேன். நான் சொன்ன அதே விடையை அது சொன்னது. கூட இருந்தவர்கள் என் முதுகில் தட்டினார்கள். ஆனால் கணக்கில் தப்பில்லை என்றால் தப்பு காதில். அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். லீவு கிடைத்ததும் நேராக இங்கே வந்துவிட்டேன்.

லாரி மரக்காணத்துக்குள் நுழைந்தபோது உப்பளங்கள் தொடங்கின. வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதி பழுப்பு, பாதி இளஞ்சிவப்பு, எங்கோ ஒரு பாத்தி மட்டும் கண்ணைக் குத்தும் வெள்ளை. பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஓட்டினார். "இந்த வெளிச்சத்துல இருவது வருசம். எனக்கு இப்ப ராத்திரிதான் நல்லா தெரியுது" என்றார்.

டீக்கடையில் சவரிமுத்துவின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். கடைக்காரர் யோசித்தார். அருகிலிருந்தவர், "யாரு, செவிட்டு மிலிட்டரியா?" என்றார். கடைக்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"இப்ப உப்பளத்துல இருப்பாரு. வீடு மாதா கோயிலுக்குப் பின்னால. நீங்க எங்க தங்குறீங்க?"

"ரூம் ஏதாவது கிடைக்குமா?"

"ரூமா? இங்க ஏது ரூமு. கோயில்ல சாமியாரக் கேளுங்க, இஸ்கூல்ல படுத்துக்கச் சொல்லுவாரு."

சாமியார் நல்ல மனிதர். எந்த ஊர், எந்தச் சாமி என்று எதுவும் கேட்காமல் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார். இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்தேன். அன்று மாலையே போயிருக்கலாம். போகவில்லை. ஒரு மெஸ்ஸில் நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள். முழு நெத்திலியைத் தலையோடு தின்னத் தெரியாமல் நான் ஒவ்வொன்றாக ஆய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து, பரிமாறிய அம்மாள், "அது இன்னா சார், பூவா ஆயறதுக்கு? அப்டியே வாயில போடுங்க" என்றார்.

மறுநாள் காலையில் வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவில் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கையில் பால்வாடிக் குழந்தைகளின் பெயரெழுதிய நோட்டு. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சவரிமுத்து வீடுங்களா? நான் அவரோட... பட்டாளத்துல கூட இருந்தவன்."

"அவரோடயா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒருத்தரும் வந்ததில்லீங்களே. உள்ள வாங்கண்ணா. நான் அவரு சம்சாரம், பிலோமினா."

பிலோமினாவின் சொந்த ஊர் கீழ்புத்துப்பட்டு. கல்யாணம் ஆகி இரண்டு வருடம். "காது சுத்தமா கேக்காதுன்னு தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டேன். எங்கப்பாதான் ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல" என்றார். தண்ணீர் கொடுத்துவிட்டு, பேசுவதைப் பற்றியும் சொன்னார். பட்டாளத்திலிருந்து வந்த புதிதில் சவரிமுத்து கடைத்தெருவில் எல்லோரிடமும் பேசுவாராம். தன் குரல் தனக்கே கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி கத்திவிடுவார். சிரித்தார்கள். நிறுத்திவிட்டார். "இப்ப வூட்லயும் அளத்துலயும்தான் பேசுவாரு. நாம சொல்றது வாயசைவுல பாதி புரியும். மீதிய எழுதிக் காட்டணும்."

பால்வாடிக்குப் போகும் வழியில் என்னை உப்பளத்தில் கொண்டுபோய் விட்டார்.

நீளமான கைப்பிடி போட்ட பலகையால் ஒருவர் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். தலையில் துண்டு. பிலோமினா அவர் முன்னால் போய் நின்று, வாயை நன்றாக அசைத்து, "உங்களப் பாக்க வந்திருக்காரு" என்றார். அவர் என்னைப் பார்த்தார். யாரென்று தெரியாத மரியாதையோடு தலையை அசைத்தார். நான்கு வருடம் நான் தேடியவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும். நான் யாரென்று சொல்ல என்னிடம் இருந்ததோ குரல் ஒன்றுதான். அது அவருக்குப் பயன்படாது.

அவர் சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டை வாங்கி, 'குடியாத்தம்' என்று எழுதினேன்.

படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். பலகை கையிலிருந்து நழுவி உப்புத் தண்ணீரில் விழுந்தது.

"குடியாத்தமா!" அந்தச் சத்தத்துக்கு நான்கு பாத்தி தள்ளி நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "நீ குள்ளமா இருப்பேன்னு இல்ல நான் நெனச்சேன்!"

கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் உடம்பிலிருந்த உப்பு என் கழுத்தில் எரிந்தது. நான் அழுதது அதனால் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது அந்தக் குரல் இல்லை. ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், ஒரே கனத்தில், பலகை பலகையாக வந்து விழுந்தது. எதிரே நின்று அவர் பேசப் பேச, நான் அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் ஒவ்வொரு புது ஆபரேட்டர் செட்டில் வரும்போதும் தேடியதைப் போலவே.

அன்று நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. மத்தியானம் பிலோமினா கேழ்வரகுக் களியும் இறால் தொக்கும் வைத்தார். எங்கள் ஊர்க் களி கெட்டி. கையில் உருட்டினால் உருளும். இங்கே கொஞ்சம் இளக்கம். சவரிமுத்து என் தட்டில் தொக்கை அள்ளி அள்ளி வைத்தார். "காலைல கேப்பேனே, சாப்ட்டியான்னு. நெசமாவே சாப்ட்டியா அப்பல்லாம்?" நான் நோட்டில் எழுதினேன்: 'பாதி நாள் இல்லை. பொய் சொன்னேன்.' அவர் மனைவியிடம் நோட்டைக் காட்டினார். அவரும் என் தட்டில் வைக்கத் தொடங்கிவிட்டார்.

மாலையில் என்னைக் கடலுக்குக் கூட்டிப் போனார். நான் அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. அவரோடு ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு சத்தத்துக்கு முன்னால் அவர் எதுவுமே கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் உப்பளத்தில் வேலை முடிந்து மற்றவர்கள் போனபின், நோட்டை எடுத்து அந்த ஆறு எண்களை எழுதினேன். கடைசி எண்ணின் இடத்தில் ஏழு, பக்கத்தில் எட்டு. கீழே, 'நீங்கள் சொன்னது எது?'

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது. "இதக் கேக்கத்தான் வந்தியா?"

தலையசைத்தேன்.

பென்சிலை வாங்கி ஏழைச் சுற்றி வட்டம் போட்டார்.

உட்கார்ந்துவிட்டேன். வரப்பு மண் சுட்டது. அதுவும் தெரியவில்லை. அப்படியானால் நான்தான். அவர் சரியாகச் சொன்னார், நான் தப்பாகக் கேட்டேன், இந்த மனிதர் இனி ஒரு நாளும் எதையும் கேட்கமாட்டார். எழுதினேன்: 'நான் எட்டு என்று திருப்பிச் சொன்னேன். நீங்கள் சரி என்றீர்கள்.'

"ஆமா. சொன்னேன்."

'கேட்கவில்லையா?'

"கேட்டுச்சு. அப்ப காது இருந்துச்சே." எதிரே குந்தினார். விரலால் ஈர மண்ணில் ஒரு குழி போட்டார். "இது நாங்க." சற்றுத் தள்ளி ஒரு புள்ளி. "இது ஏழு. நான் வாயத் தெறந்தப்ப அவங்க இங்க இருந்தாங்க." குழிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில் இன்னொரு புள்ளி. "இது எட்டு. நீ திருப்பிச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள இங்க வந்துட்டாங்க. ஓடி வர்றான்பா, நிப்பானா? நீ எட்டுன்ன ஒடனே எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு. நான் கேக்கத் தெரியாம கேட்டத நீ சரியாக் குடுத்துட்டே. அதான், சரி போடுன்னேன்."

'அது உங்களுக்கு மிக அருகில்.'

"தெரியும். கிட்டன்னு தெரிஞ்சிதான் சொன்னேன். ஏழுல போட்டிருந்தா குண்டு அவங்களுக்குப் பின்னால விழுந்திருக்கும். அவங்க குழிக்குள்ள எறங்கியிருப்பாங்க. எங்க ஆபீசரு இன்னிக்குப் பேரன் எடுத்துட்டாரு, தெரியுமா? லெட்டர் போட்டாரு."

அவர் என் முழங்காலைத் தட்டினார். "நாலு வருசமா இதையா தூக்கினு அலையறே? ஒரு கார்டு போட்டிருந்தா எழுதியிருப்பேனே. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். உன் பேரு தெரியாது, நம்பரு தெரியாது. குடியாத்தம்னு மட்டும் எழுதிப் போட்டா தபால்காரன் குடுப்பானா?"

'எழுத நினைத்தீர்களா?'

"ரெண்டு தடவ எழுதினேன். யாருக்கு அனுப்பறது?"

அவர் சொன்னது நடந்ததுதானா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. தூரங்களை மனதில் போட்டுப் பார்த்தேன். ஓடி வருகிறவன் அவ்வளவு நேரத்தில் நூறு மீட்டர் வந்திருக்க முடியும். மேடாக இருந்தாலும் முடியும். அதற்குமேல் கணக்குப் போட வேண்டாம் என்று தோன்றியது. தொழிலில் சேர்ந்த நாள் முதல், ஒரு கணக்கைப் பாதியில் விட்டது அன்றுதான்.

நான்காம் நாள் விடிந்ததும் அவர் அளத்துக்குப் போக வேண்டியிருந்தது. மேகம் திரண்டிருந்தது, மழை விழுவதற்குள் உப்பை அள்ளிவிட வேண்டும். வாசலில் நின்று என் முழுப் பெயரையும் நம்பரையும் முகவரியையும் தன் நோட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார். இரண்டு முறை படித்துப் பார்த்தார். "ஏகாம்பரமா நீ? எனக்கு அது வாயில வராது" என்றார். பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

பஸ் ஏற்றிவிட பிலோமினா கூட வந்தார். இலையில் கட்டிய வறுத்த கருவாடு ஒரு பொட்டலம், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் பொறுப்பில்லை என்ற எச்சரிக்கையோடு. பஸ் வந்து நின்று, நான் பெட்டியை ஏற்றிவிட்டுப் படியில் நின்றபோது சட்டென்று கேட்டார்.

"அண்ணா, அவரு கொரலு எப்பிடி இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை.

"முன்னால. காது போறதுக்கு முன்னால. நான் வர்றப்பவே இப்பிடித்தான் பேசினாரு. கோயில்ல நல்லா பாடுவாருன்னு சொல்றாங்க. எப்பிடின்னு கேட்டா, நல்லா இருக்கும்னு மட்டும்தான் சொல்றாங்க. எனக்கு அது போதல. நீங்க கொரலு மட்டும்தானே கேட்டிருக்கீங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அரை நிமிடத்தில் பதில் சொல்லிப் பழகியவன் நான்.

"அவசரமே இருக்காதும்மா. பக்கத்துல குண்டு விழுந்துட்டிருக்கும், ஆனா வூட்டுக்கு வந்தவங்கள உக்காரச் சொல்ற மாதிரி பேசுவாரு. ரொம்பக் கனமும் இல்ல, மெலிசும் இல்ல. வார்த்தை முடியற எடத்துல கொஞ்சம் கீழ எறங்கும். போத்திக்கினு தூங்கற கொழந்தையத் தாண்டிப் போறாப்புல. சிரிப்பு வந்தா மொதல்ல மூக்குலதான் வரும், அப்புறம்தான் வாயில."

"மூக்குல வருமா?"

"ஆமா."

"இப்பவும் அப்பிடித்தாண்ணா வருது" என்றார். முகம் முழுதும் மலர்ந்துவிட்டது.

பஸ் நகரத் தொடங்கியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க. மொதல்லேர்ந்து."